கீழிருந்து வாசிக்கவேண்டிய படிப்புத் திட்டம்

1

இது கதையாகப் பிறந்திருக்கவேண்டியதே இல்லை. ஒளிவுமறைவில்லாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வார இதழின் கல்விப் பக்கத்துக்குக் கட்டுரை கேட்டார்கள்.

“புவி அறிவியலும் சுற்றுச்சூழல் நிலைத்தன்மையும்னு ஒரு பட்டப்படிப்பு வந்திருக்குல்ல, அதுக்கு எப்படித் திட்டம் போடறதுன்னு எழுதிக் குடுங்க,” என்றார் பத்திரிகை ஆசிரியர் போனில். “எண் போட்டு எழுதுங்க. எண் போட்டாத்தான் பெத்தவங்க படிக்கறாங்க.”

“சார், எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

“உங்க அக்கா பொண்ணுக்கு அதுலதானே எடம் கெடச்சிருக்கு? அவகிட்ட கேட்டு எழுதுங்க.”

கேட்டேன். கேட்ட நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுரை போன இடம் தெரியவில்லை. எண் மட்டும் மிச்சம். அவர் சொன்னபடி போட்டிருக்கிறேன், பெற்றவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையின் முடிவை வைத்துத்தான் அந்தப் பெண் வருகிற திங்கட்கிழமை காலை ஒரு காரியம் செய்யப்போகிறாள். “சித்தி, நீ கதையை எப்படி முடிக்கறியோ அப்படியே பண்ணிடறேன்,” என்று சொல்லிவிட்டாள். கதை எழுதுகிறவளிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? என் கதைகளில் எத்தனை பேரைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். தெரிந்தும் சொல்கிறாள்.

2

தொடக்கம் வேண்டும். முதலில் இப்படி எழுதினேன்:

பூமி தோன்றி நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை—

அடித்துவிட்டேன். பிள்ளைக்கு இப்போதுதான் பதினெட்டு வயது. அவ்வளவு பின்னால் போய்விட்டு அவளிடம் வந்து சேர்வதற்குள் இதழ் அச்சாகிவிடும்.

அடுத்தது: ஏரி வற்றிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒற்றைக் காலில்—

கொக்குதான். வேறென்ன நிற்கும்? என் கதைகளில் கொக்கு நின்று நின்று அதற்கே அலுத்திருக்கும். இந்த முறை அதற்கு விடுமுறை.

மூன்றாவது: ஃபிரிட்ஜில் ஒரு டப்பா இருந்தது.

இது நன்றாக இருக்கிறது. இது நடந்ததும்கூட. ஊர் ஓரத்து ஏரியில்தான் எங்கள் எல்லோருக்கும் குடிதண்ணீர். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, குழாய் பதிக்க ஏரிக்கரையை நேராக வெட்டினார்கள். வெட்டின சுவரில் கறுப்பும் சாம்பலுமாக மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன, வருடத்துக்கு ஒன்றாகப் படிந்த சேறு. அவள் அதில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, சாப்பாட்டு டப்பாவில் போட்டு, காய்ந்துவிடக்கூடாது என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். வேலை முடிந்து பசியோடு வந்தார் என் அக்கா வீட்டுக்காரர். டப்பாவைத் திறந்தார், சாக்லேட் கேக் என்று நினைத்தார், ஸ்பூனை எடுத்தார்.

“என்ன கேக் இது, ஒரு இனிப்பும் இல்ல,” என்றாராம் வாயில் போட்டுக்கொண்டே.

அவள் ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். “அப்பா, மேல இருந்த வருஷமெல்லாம் போச்சு. நான் பொறந்த வருஷத்தைத் தின்னுட்ட.”

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் பேர் கட்டி. மனசு குளிர்ந்திருந்தால் அக்கா தங்கக்கட்டி என்பாள், இல்லாவிட்டால் மண்ணாங்கட்டி. இரண்டுக்கும் பொதுவாக எல்லோரும் கட்டி என்றே கூப்பிடுகிறோம்.*

(* அடிக்குறிப்பு, அடியில் போட இடம் இல்லாததால் இங்கேயே: கட்டி எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவாள். துப்பறியும் கதையைக்கூட. “எப்படி முடிஞ்சதுன்னு தெரிஞ்சாத்தானே சித்தி, ஏன் அப்படி ஆச்சுன்னு பின்னால போய்ப் பாக்க முடியும்?” என்பாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பிறகு வேண்டும்.)

3

ஆசிரியருக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்யவேண்டும் அல்லவா, ஆகவே கட்டுரை மாதிரி கொஞ்சம்.

இந்தப் படிப்பு இரண்டு துறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து உண்டாக்கினது. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே செங்கல் சுவர், இடித்த அடையாளம் தரையில் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் பாறைக்காரர்கள். பூமியில் இதுவரை என்ன நடந்தது என்று கேட்பவர்கள். இந்தப் பக்கம் சுற்றுச்சூழல்காரர்கள். இனிமேல் என்ன ஆகும், எதை விட்டால் நாம் பிழைப்போம் என்று கேட்பவர்கள். நடுவில் வேதியியல், கணக்கு, வரைபடம், நீரியல், மண், காலநிலை, கழிவு, சட்டம் என்று ஒரு சந்தையே விரிந்திருக்கிறது. நான்கு வருடத்தில் எல்லாவற்றையும் அள்ள முடியாது. எதை எடுக்கிறோம், எதற்குப் பிறகு எதை எடுக்கிறோம் என்பதை அவரவர்தான் முடிவு செய்யவேண்டும். அதனால் சேரும் ஒவ்வொருவரும் தன் நான்கு வருடத்தை ஒரு தாளில் போட்டுக்கொண்டு ஆலோசகரைப் பார்க்கவேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம்.

(என் காலத்தில் படிப்பைத் திட்டமிடுவது என்றால் எந்தக் கல்லூரி பஸ் நம் தெருவுக்குள் வரும் என்று பார்ப்பதுதான்.)

மற்றப் பிள்ளைகள் கட்டம் போட்டார்கள். கட்டி சார்ட் பேப்பர் வாங்கி வந்து கூடத்துத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தாள். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை: வேதியியல், கணக்கு, இயற்பியல். அதற்கு மேல் புள்ளி புள்ளியாக மணல் பட்டை: பாறையும் கனிமமும், மண், நீரியல். அதற்கும் மேல் சின்னச் சின்னக் கோடுகள் போட்ட களிமண் பட்டை: காலநிலை, வரைபடம், கழிவு, சட்டம். உச்சியில் நீலக்கறுப்பில் ஒன்றே ஒன்று: ஏரிச் சேறு, கள ஆய்வு. வெட்டின ஏரிக்கரை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எனக்கும் ஒரு இடம் கொடுத்தால் நானும் போய்ச் சேர்ந்துவிடலாம் போல இருந்தது.

அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். சீட்டை மேலேயிருந்து படித்துப் பழக்கம். “ஏன்டி, கணக்கையும் வேதியியலையும் கடைசிக்குத் தள்ளிட்ட?”

“அது கடைசி இல்லம்மா. அதுதான் மொதல் வருஷம்.”

அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “கீழ்த்தளம் கீழதானே இருக்கும்?” என்றார்.

“பக்கத்துல வருஷத்தை எழுதித் தொலையேன்,” என்றாள் அக்கா.

“அம்மா, அடியில இருக்கறதுதான் மொதல்ல படிஞ்சதுன்னு பூமியைப் படிக்கற எல்லாருக்கும் தெரியும். இதுல போய் ஒண்ணு ரெண்டுன்னு எழுதினா சிரிப்பாங்க.”

எழுதவில்லை. வாசகரே, வினை அங்கேதான் பிடித்தது.

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். ஆலோசகர் என்ற பாத்திரம் என் கையில் நிற்கவில்லை. முதல் தடவை அவரைச் சிடுசிடு ஆளாக்கினேன். எதையும் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள். கதைக்கு வசதி, ஆனால் பொய். இரண்டாவது தடவை ஞாபகமறதிக்காரராக்கினேன். அதுவும் பொய். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மேஜையில் வைத்துப் பார்த்தார். பார்த்ததால்தான் இத்தனையும்.

உள்ளபடி சொல்கிறேன். அவர் சுற்றுச்சூழல் பக்கத்து ஆள். ஜன்னல், அலமாரி, நாற்காலி என்று எல்லா இடத்திலும் தொட்டி வைத்திருப்பதால் பிள்ளைகள் வைத்த பேர் செடி சார். எல்லோரையும், நேற்று வந்த பிள்ளையைக்கூட, நீங்க என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. பிள்ளைகளை முதலில் பிரச்சினைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும், அங்கே திக்குமுக்காடினால்தான் கணக்கும் வேதியியலும் எதற்கு என்று தெரியும், பிறகு அவர்களே தேடிவந்து படிப்பார்கள். இதைத் துறைக் கூட்டத்தில் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார். அவர் வாய் திறந்தாலே மற்றவர்கள் டீயைத் தேட ஆரம்பித்துவிடுவார்களாம்.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் கட்டி தன் சார்ட்டை விரித்தாள். கடையை விட்டு அக்காவால் வர முடியவில்லை, நான் துணைக்குப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது, பேச்சு கேட்டது, அவர் முகம் தெரிந்தது, படம் தெரியவில்லை.

“இதை நீங்களே யோசிச்சீங்களா?”

“ஆமா சார்.”

“யாரும் சொல்லிக் குடுக்கலையே?”

“இல்ல சார். அம்மா வேற மாதிரி போடச் சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

“ஏரிச் சேத்துல எறங்கணும்னு போட்டிருக்கீங்க. பயமா இல்லையா?”

“அதுக்குத்தானே சார் இந்தப் படிப்புக்கே வர்றேன்.”

“அப்ப வேதியியல்?”

“அது இல்லாம ஒண்ணும் முடியாது சார். அதான் அதை அங்க வெச்சிருக்கேன்.”

அவர் படத்தைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “மொதல்ல கேள்வி. அதுக்கப்புறம் கருவி. அப்படித்தானே?”

கட்டிக்கு அது சரியாகப் புரியவில்லை. ஆனால் வயதில் பெரியவர் கண் கலங்கி ஒன்று சொல்லும்போது இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. “ஆமா சார்,” என்றாள்.

பேனா மூடி திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்தவளுக்கு வாயெல்லாம் பல். “சித்தி, சாருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு.” எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

5

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மறுபடி போனபோது ஒரு அம்மாள் வராந்தாவில் எங்களை மறித்தார். முழங்கால்வரை மண் ஒட்டின கால்சட்டை, தோளில் கயிற்றுச் சுருள். பாறைப் பக்கத்து ஆசிரியை. அவருக்குப் பேர் பாறை மேடம்.

“ஏரிக் குழுவுல சேர்ந்திருக்கற மொத வருஷப் பொண்ணு நீதானா? உன் பூட்ஸ் சைஸ் என்ன?”

கட்டி என்னைப் பார்த்தாள். “மேடம், அது நாலாவது வருஷத்துக்குல்ல?”

“இந்தத் திங்கக்கெழமைக்கு. உன்னைப் பத்தித்தான் கூட்டத்துல ஒரே பேச்சு. கடைசிலேருந்து ஆரம்பிக்கணும்னு ஒரு பொண்ணு படம் போட்டு எடுத்துட்டு வந்துட்டான்னு உன் ஆலோசகருக்குத் தலைகால் புரியல. எங்க, அந்தப் படத்தைக் காட்டு.”

கட்டி போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். பாறை மேடத்தின் கண் நேராக அடிப் பட்டைக்குப் போயிற்று. மாடிப்படி ஏறுவது போல ஒவ்வொன்றாக மேலே வந்தது. உச்சிக்கு வந்ததும் நின்றது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அட மனுஷா. மேலேருந்து படிச்சிருக்கார்.”

கட்டிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த நொடியே குப்பென்று சிவந்தது. அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் நினைத்ததும் அதையேதான்: திங்கட்கிழமை. ஏரி. இவள்.

பாறை மேடம் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். “இப்ப நான் சொல்றதை நல்லாக் கேளு. ஏரி இப்படி வத்தறது அபூர்வம். மழைக்கு முன்னால தூர் வாரிடுவாங்க. நீ நாலாவது வருஷம் வர்றப்ப அந்தச் சேறு அங்க இருக்காது.”

“அய்யோ மேடம்.”

“இரு. குழாயை எறக்கிச் சேத்தை எடுத்ததும் நெடுக ரெண்டாப் பொளப்போம். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. இன்னொரு பாதியைத் தொடாம குளிர் அறையில வெச்சிருவோம். பின்னால வர்றவங்களுக்கு வேற கேள்வி இருக்கும்ல? நீ இப்ப வரலைன்னாலும் அந்தப் பாதி உனக்கு இருக்கும்.”

“அப்ப அதையே பாத்துக்கலாமா?”

“பாக்கலாம். ஆனா பொளந்த ஒடனே இருக்கற நெறம் இருக்காது. காத்து பட்டதும் மாற ஆரம்பிச்சிரும். கறுப்பெல்லாம் பழுப்பாயிடும். அந்தக் கொஞ்ச நேரம், பாத்தவங்க பாத்ததுதான்.”

பிறகு அவர் குரல் மாறிற்று. “இன்னொண்ணு. சேத்துல நிக்கறதோட முடியாது. திரும்பி வந்து சோதனைக் கூடத்துல உக்காந்து அதைச் சோதிச்சு எழுதணும். அதுக்கு வேதியியல் வேணும். உனக்கு இன்னும் ஒரு வகுப்புகூட நடக்கல. ஆலோசகர் கையெழுத்து வாங்கி முன்கூட்டியே எடுத்த பாடத்துல தோத்தா, இந்தப் படிப்புலேருந்தே எடுத்துப் பொது அறிவியல்ல போட்டுருவாங்க. விதி அப்படி. என்னால மாத்த முடியாது.”

கட்டி தலையாட்டினாள்.

“திங்கக்கெழமை வேன் கெளம்பறதுக்கு முன்னால அவர்கிட்ட உண்மையைச் சொல்லு, பேரை எடுத்துருவார். இல்ல, வேன்ல ஏறு. அது வரைக்கும் நான் இந்தப் படத்தைப் பாக்கல.” கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

6

(உங்களுக்குத் தோன்றியது எனக்கும் தோன்றியது. பேர் இல்லாமல் சும்மா கூடப் போய் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? பின்னாலேயே ஓடிக் கேட்டேன். கூடாதாம். குழுவில் இல்லாதவர்கள் படுகையில் கால் வைக்க முடியாது, அந்தச் சேறு ஆளையே இழுத்துக்கொள்ளுமாம்.)

(அடுத்ததும் தோன்றியது. செடி சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, சார், இருந்தாலும் அனுப்புங்க என்று கேட்டால்? அனுப்ப மாட்டார். அவளை அனுப்ப அவரிடம் இருந்த ஒரே காரணம் அது அவளுடைய சொந்த யோசனை என்பதுதான். அதுவும் இல்லை என்றால் எதைச் சொல்லி அனுப்புவார்?)

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“சித்தி, நான் பொறந்த வருஷம் அதுல இருக்கும்ல? அப்பா திங்காதது.”

“இருக்கும்.”

“நீ இதைத்தானே எழுதிட்டிருக்க?”

“கட்டுரைடி அது.”

“கட்டுரை மாதிரியா தெரியுது உன் மூஞ்சியப் பாத்தா? எழுது. நீ எப்படி முடிக்கறியோ அப்படியே பண்ணிடறேன். எனக்கு ரெண்டு பக்கமும் இழுக்குது. எனக்கு யோசிக்கவே வரல.”

என் கதைகளில் வருகிறவர்கள் யாரும் என் கையைப் பிடித்ததில்லை. இவளுடைய கை சுட்டது.

7

செய்தி வீட்டுக்குப் போனதும் அக்கா கடையிலிருந்தே போனில் கூப்பிட்டாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அடியேய், நீதான் முடிக்கப்போறியாமே? என் பொண்ணை நட்டாத்துல விட்டுடாத. இந்த எடத்துக்காக அவ வேற எதுக்கும் எழுதிப்போடக்கூட இல்ல. இது போச்சுன்னா என்ன பண்ணுவா? உண்மையைச் சொல்லிட்டா, ஒழுங்கா மொதல் வருஷத்துலேருந்து படிச்சான்னு முடி.”

“நீயே சொல்லேன் அவகிட்ட.”

“நான் சொன்னா எப்பக் கேட்டா? வருஷத்தை எழுதுடின்னேன், எழுதினாளா?”

போனை வைத்தேன். அத்தானிடம் கேட்டேன். அவர் சட்டையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“லிஃப்டுல எந்த மாடிலயும் ஏறலாம். கீழ்த்தளத்துலதான் ஏறணும்னு இல்ல. ஆனா கம்பி மட்டும் உச்சிலேருந்து அடி வரைக்கும் நல்லா இருக்கணும்.”

“அத்தான், இதுக்குப் போன்னு அர்த்தமா, போகாதன்னு அர்த்தமா?”

“ரெண்டும்தான்,” என்றார்.

இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உட்கார்ந்து எழுதினேன்.

முடிவு, அக்கா கேட்டபடி: கட்டி செடி சார் அறைக்குப் போகிறாள். சார்ட்டை விரித்து, அடியில் விரலை வைத்து, “சார், இது இங்கேருந்து படிக்கணும்,” என்கிறாள். அவர் பார்க்கிறார். விரலோடு மேலே போகிறார். எழுந்து போய், ஏற்கெனவே தண்ணீர் ஊற்றின தொட்டிக்கு மறுபடி ஊற்றுகிறார். அடுத்த கூட்டத்தில் அவர் வாய் திறக்கும்போது மற்றவர்கள் டீயைத் தேடுவார்கள். கட்டி ஜன்னல் இல்லாத அறையில் வேதியியல் வகுப்பில் உட்கார்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், நான்காவது வருடம் குளிர் அறையில் ஒரு பழுப்புச் சேற்றுப் பாதியைத் திறந்து, அதில்—

நிறுத்திவிட்டேன். தப்பான முடிவு இல்லை இது. அடி பலமாக இருக்கிறது, அதன்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். எழுதிக்கொண்டிருந்த எனக்குத்தான் கை ஓடவில்லை.

முடிவு, என் இஷ்டப்படி: வேன் கிளம்புகிறது. கட்டி ஏரியின் நடுவில் பலகைமேல் நிற்கிறாள். நான்கு பேர் சேர்ந்து குழாயை இழுக்கிறார்கள், சேறு விடமாட்டேன் என்கிறது, பிறகு தொப்பென்று விடுகிறது. பலகையில் கிடத்தி நெடுகப் பிளக்கிறார்கள். உள்ளே கறுப்பு, நீலக்கறுப்பு, நடுநடுவே நூல் மாதிரி வெள்ளை. பெருமழை பெய்த வருடங்களில் பட்டை தடியாக இருக்கிறது. காய்ந்த வருடங்களில் நகத்தளவுகூட இல்லை. கட்டி மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக எண்ணிக்கொண்டே இறங்குகிறாள். அவள் பிறந்த வருடம். தடியான பட்டை. அந்த வருடம் மழை கொட்டினது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றோம். அவள் விரலை வைக்கப்போகிறாள், வைக்கவில்லை, பார்க்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து பழுப்பு பரவுகிறது. அதற்குப் பிறகு சோதனைக் கூடம். புட்டிகள். ஒரு வகுப்புகூடக் கேட்காத பாடம். அங்கே கட்டி—

இதையும் நிறுத்திவிட்டேன். இதை எழுதும்போது என் கை பேனாவை முந்திக்கொண்டு ஓடிற்று, உண்மைதான். ஆனால் அந்தப் புட்டிகளுக்கு முன்னால் அவளைத் தனியாக உட்காரவைத்தபோது எனக்கே பயமாகிவிட்டது. தாளில் அவளைத் தேறவைக்க ஒரு வரி போதும். திங்கட்கிழமைக்கு அது உதவாது.

8

இது கதையில் இல்லாதது. நான் திட்டமிடவே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது நடந்துவிட்டது, அதனால் சேர்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மேஜையில் இரண்டு பாதி முடிவுகள். அக்கா கடையை மூடிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய பை. மிரட்ட வந்திருக்கிறாள் என்று தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையைத் தரையில் கவிழ்த்தாள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், பச்சை நிறம்.

“இதெல்லாம் என்னக்கா?”

“சும்மாதான். கடைவீதில பாத்தேன். நாலாவது வருஷத்துக்கு வேணும்ல.”

“நாலாவது வருஷத்துக்கு இப்பவேயா?”

“கால் இனிமே வளரவா போவுது அவளுக்கு? அப்ப இந்த சைஸ் கெடைக்குமோ கெடைக்காதோ.”

நான் பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் மட்டும் தொங்கியது. விலைச்சீட்டு இல்லை.

“சீட்டைக் கிழிச்சுட்டியா? அப்புறம் திருப்பி எடுக்க மாட்டானே.”

அக்கா என் மேஜைமேல் இருந்த தாள்களைப் பார்த்தாள். தன் முடிவை எடுத்துப் படித்தாள். என் முடிவை எடுத்துப் படித்தாள். மழை கொட்டின வருடத்துக்கு வந்தபோது மூக்கை உறிஞ்சினாள். இரண்டையும் அதே இடத்தில் வைத்துவிட்டு, “சேறு ஆளையே இழுக்குமாம், அந்த மேடம் கூடவே நிப்பாங்களா?” என்று கேட்டாள். நிற்பார்கள் என்றேன். “உண்மையைச் சொன்னா அந்த செடி சார் ரொம்ப வருத்தப்படுவாரோ?” என்று கேட்டாள். படுவார் என்றேன். எப்படி முடிக்கவேண்டும் என்று சொல்லாமலே போய்விட்டாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் அக்காவை இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவையும் இவ்வளவு நன்றாக எழுதினதில்லை.

9

ஆகவே, வாசகரே, உங்களுக்கு இது கடைசிப் பகுதி. இரண்டு முடிவுகளும் மேலே ஏழாவதில் கிடக்கின்றன, பாதிப் பாதியாக. உங்களுக்குப் பிடித்ததை எடுத்து மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சண்டைக்கு வரமாட்டேன். ஆசிரியர் வருவார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் கட்டிக்கு இது முதல் பக்கம். சாயங்காலம் வருவாள், தாள்களைக் கவிழ்த்துக் கடைசியிலிருந்துதான் ஆரம்பிப்பாள். அதனால் இனி வருவது உங்களுக்கு இல்லை, அவளுக்கு.

கட்டி, வா. நீ தேடி வந்தது இங்க இல்ல. எல்லாக் கோபத்தையும் பின்னால வெச்சுக்கலாம், மொதல்ல ஒரு வாய் தண்ணி குடி. உனக்கு ரெண்டு பக்கமும் இழுக்குதுன்னு சொன்ன. எனக்கும் அப்படித்தான். அதுக்குப் பேர் யோசிக்க வரலைங்கறது இல்ல, நல்லா யோசிக்கறங்கறது. இங்கேருந்து மேல போகப்போக எல்லாரும் வருவாங்க. அம்மா வருவாங்க, பாறை மேடம் வருவாங்க, செடி சார் பேனா மூடியத் தொறப்பார், அப்பா உன் வருஷத்தைத் தின்பார். எல்லாத்தையும் பாத்துட்டு நீ மொதல் வரிக்கு வர்றப்ப, இது கதையாப் பொறந்திருக்கவே வேண்டாம்னு நான் எழுதியிருப்பேன். அங்க தாளுக்கு மேல கொஞ்சம் வெள்ளை எடம் விட்டிருக்கேன். அது உன்னோடது. நான் அங்க பேனா வெக்கல.

நாளைக்குக் காலைல செடி சார் அறைக் கதவு தொறந்திருக்கும். வேனும் அதே வாசல்லதான் நிக்கும். கதவுல நுழையறதா இருந்தாலும் சரி, வேன்ல ஏறறதா இருந்தாலும் சரி, நான் வாசல் வரைக்கும் கூட வர்றேன். பச்சை பூட்ஸ் என் கதவோரம் இருக்கு. எதைச் செய்யறதா இருந்தாலும் அதைப் போட்டுக்கிட்டே போ. அம்மா சீட்டைக் கிழிச்சுட்டாங்க, இனிமே கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க.